பத்தரை மாற்றுத் தங்கத்தில் ஒரு துளி இரும்பு

நகை வாங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது 916 என்ற முத்திரையைத்தான். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி 84 பங்கு செம்பும் வெள்ளியும் போன்ற பிற உலோகம் என்பது அதன் பொருள். அந்தக் கலப்பு இல்லாவிட்டால் நகைக்கு உறுதி இராது என்பது பொற்கொல்லர்கள் அறிந்த செய்தி.

ஆனால் பத்து இலட்சம் தங்க அணுக்களுக்கு நடுவே சில பத்து இரும்பு அணுக்கள் மட்டும் கலந்துவிட்டால் என்ன ஆகும்? உரைகல்லில் அது தெரியாது. தராசில் தெரியாது. நிறமும் மாறாது. ஆயினும் அந்தத் தங்கத்தைக் கடுங்குளிரில் வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினால், அதில் இரும்பு இருப்பது வெளிப்பட்டுவிடும்.

அது வெளிப்பட்ட விதம் அறிவியலர்களை முப்பது ஆண்டுகள் குழப்பியது. 1934-இல் கண்ணில் பட்ட ஒரு சிறிய முரண்பாட்டுக்கு 1964-இல்தான் விளக்கம் கிடைத்தது. அந்த விளக்கத்தை ஒரே ஓர் அணுவில் நேராகப் பார்க்க முயல்வதற்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது பார்த்தது என்ன என்ற கேள்வி 2023-இல் மீண்டும் எழுந்தது. 'மாசு' என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒன்று இத்தனை பேரின் வாழ்நாள் உழைப்பை வாங்கிக்கொண்ட கதை இது.

குளிரைத் தேடிப் போனவர்கள்

உலோகத்தின் வழியே எலெக்ட்ரான்கள் ஓடுவதே மின்னோட்டம். ஓடும் வழியில் அவற்றுக்கு இரண்டு வகைத் தடைகள் உண்டு. உலோகத்தின் அணுக்கள் வெப்பத்தால் அதிர்ந்துகொண்டே இருப்பது ஒன்று. அங்கங்கே கலந்திருக்கும் வேற்று அணுக்களும் அடுக்கில் உள்ள குறைகளும் மற்றொன்று. குளிரக் குளிர அதிர்வு அடங்கும். எனவே மின்தடையும் குறைய வேண்டும். வேற்று அணுக்களோ குளிர்ந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றால் வரும் தடை அப்படியே நிற்கும்.

இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓரளவு தெரிந்திருந்தது. ஆனால் குளிரின் எல்லைக்கே போனால் என்ன நடக்கும் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. தடை அறவே மறைந்துவிடும் என்றனர் சிலர். ஓர் அளவில் நின்றுவிடும் என்றனர் வேறு சிலர். எலெக்ட்ரான்களே உறைந்துபோய், தடை மீண்டும் ஏறிவிடும் என்று கருதினார் பிரிட்டனின் கெல்வின் பிரபு.

வாதத்தைத் தீர்க்க குளிர் வேண்டும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஹைக்கே காமர்லிங் ஓனஸ் 1908-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார். அது கொதிக்கும் வெப்பநிலை 4.2 கெல்வின், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 269 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் தங்கத்தையும் பிளாட்டினத்தையும் வைத்து அளந்தபோது தடை குறைந்து, பின்பு ஓர் அளவில் நின்றது. எவ்வளவு தூய உலோகமோ அவ்வளவு குறைந்த அளவில் நின்றது. ஆகவே இன்னும் தூய உலோகம் தேவைப்பட்டது. பாதரசத்தை வாலையில் வடித்து வடித்துத் தூய்மைப்படுத்தலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். 1911-இல் அந்தப் பாதரசத்தில் 4.2 கெல்வின் அருகே மின்தடை சட்டென்று மறைந்தது. மீக்கடத்தல் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உலகத்தின் கவனமெல்லாம் மீக்கடத்தலின் பக்கம் திரும்பியது. மறைந்த தடையைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். ஏறுகிற தடை ஒன்று உண்டா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

தங்கம் தந்த குழப்பம்

அதே லைடன் ஆய்வுக்கூடத்தில் 1930-களில் டி ஹாஸ், டி போயர், வான் டென் பெர்க் ஆகிய மூவர் தங்கக் கம்பியின் தடையை அளந்தனர். குளிரக் குளிரத் தடை எதிர்பார்த்தபடியே இறங்கியது. ஏறத்தாழ 4 கெல்வின் அளவுக்கு வந்ததும் இறக்கம் நின்றது. அதற்குக் கீழே போனால் தடை மெல்ல ஏறத் தொடங்கியது.

ஏற்றம் மிகச் சிறியது. அளவுகருவியின் பிழை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கம்பியில் ஏதோ அழுக்கு என்று வேறு கம்பியை எடுத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கண்டதைக் கண்டபடி 1934-இல் வெளியிட்டார்கள். காரணம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எண்களை மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொள்ள அந்த எண்களே கைப்பிடியாக அமைந்தன.

அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் செம்பிலும் வேறு உலோகங்களிலும் இதே ஏற்றம் காணப்பட்டது. மிகத் தூய மாதிரியில் அது மறைந்தது. மாசு இருந்தால் தோன்றியது. ஆனால் எல்லா மாசும் அதைச் செய்யவில்லை. நகையில் கலப்பது போன்ற செம்பும் வெள்ளியும் தங்கத்தின் தடையைக் கூட்டுமே தவிர, குளிரில் அதை ஏறவைப்பதில்லை. இரும்பு, மாங்கனீஸ் போன்றவை மட்டும், ஒரு குடம் பாலைத் தயிராக்கிவிடும் ஒரு துளி மோரைப் போல, முழு உலோகத்தின் போக்கையும் மாற்றின.

இரும்புக்கும் மாங்கனீஸுக்கும் என்ன தனிச்சிறப்பு? அவற்றின் அணுக்கள் உலோகத்துக்குள்ளும் சிறு காந்தங்களாகவே இருக்கக்கூடியவை. சந்தேகம் அங்கே போய் நின்றது. ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு.

மூன்று வழிகள் சந்தித்த ஆண்டு

1964-ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று சொல்லலாம். ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்யாத சிலர், வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு, ஒரே கேள்வியின் வெவ்வேறு பக்கங்களைத் தொட்டார்கள்.

முதலாமவர் மிரியம் சராச்சிக். 1933-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பிய அவருடைய குடும்பம் கியூபாவில் அடைக்கலம் புகுந்து, பின்னர் அமெரிக்கா சேர்ந்தது. 1960-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இயற்பியலில் பெண்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுத் தற்காலிகப் பணி ஒன்று கிடைத்தது.

அந்த இரண்டு ஆண்டில் அவர் செய்த சோதனை எளிமையானது, ஆனால் கூர்மையானது. நயோபியம், மாலிப்டினம் என்ற இரு உலோகங்களையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, ஒவ்வொரு கலவையிலும் சிறிதளவு இரும்பைச் சேர்த்தார்கள். நயோபியம் மிகுந்த கலவையில் இரும்பு தன் காந்தத் தன்மையை இழந்துவிடும். மாலிப்டினம் மிகுந்த கலவையில் அதைக் காப்பாற்றிக்கொள்ளும். சேர்த்ததோ அதே இரும்பு. எங்கே இரும்பு காந்தமாக இருந்ததோ அங்கே மட்டும் குளிரில் தடை ஏறியது. காந்தத் தன்மை இல்லாத இடத்தில் ஏறவில்லை. சந்தேகம் நிரூபணமானது.

இரண்டாமவர் ஜுன் கோண்டோ. தோக்கியோவில் 1930-இல் பிறந்தவர். ஜப்பானிய அரசின் மின்தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். சோதனை எதுவும் செய்யாமல் தாளும் பேனாவுமாக இந்தப் புதிரை அணுகினார். தங்கத்தில் இரும்பு கலந்த மாதிரிகளின் அளவீடுகள் அவர் முன்னால் இருந்தன. 1964-இல் அவர் வெளியிட்ட கட்டுரை அந்த அளவீடுகளோடு நன்றாகப் பொருந்தியது.

அவர் சொன்னதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். சாதாரண மாசு அணு ஒரு தூண் மாதிரி. எலெக்ட்ரான் வந்து மோதும், திரும்பிப் போகும். தூணுக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்து வரும் எலெக்ட்ரானுக்கும் அதே தூண்தான். காந்த அணு அப்படியல்ல. அதற்குத் தற்சுழற்சி உண்டு, எலெக்ட்ரானுக்கும் உண்டு. இரண்டும் சந்திக்கும்போது இரண்டின் சுழற்சியும் தலைகீழாகப் புரளலாம். அடுத்து வரும் எலெக்ட்ரான் சந்திப்பது, முந்தையது மாற்றிவிட்டுப் போன அணுவை. அதாவது அந்த அணுவுக்கு ஒரு வகை நினைவு இருக்கிறது. முதல் எலெக்ட்ரான் செய்தது இரண்டாவதைப் பாதிக்கிறது. அது மூன்றாவதைப் பாதிக்கிறது.

முன்னவர்கள் கணக்கை முதல் இரண்டு படிகளோடு நிறுத்தியிருந்தார்கள். கோண்டோ மூன்றாம் படிக்கும் போனார். அங்கே, வெப்பநிலை குறையக் குறைய மெல்ல வளரும் ஓர் உறுப்பு தோன்றியது. ஒரு பக்கம் அணுக்களின் அதிர்வு அடங்குவதால் தடை இறங்குகிறது. மறுபக்கம் இந்தப் புதிய உறுப்பால் தடை ஏறுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் தடை தன் அடிமட்டத்தைத் தொடுகிறது. லைடன் மூவரும் கண்ட திருப்பம் அதுதான். இதற்குக் 'கோண்டோ விளைவு' என்ற பெயர் நிலைத்தது.

மூன்றாம் வழி, எலெக்ட்ரான்களின் ஊடுருவல். டன்னலிங் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படுவது இது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மிக மெல்லிய படலம் ஒன்றை வைத்தால், சாதாரண விதிப்படி எலெக்ட்ரான் அதைக் கடக்கக் கூடாது. ஆனால் குவாண்டம் விதிப்படி சில எலெக்ட்ரான்கள் அந்தப் பக்கம் போய்விடும். 1960-இல் ஐவர் கியாவர் இந்த முறையால் மீக்கடத்திகளை ஆராய்ந்து காட்டியிருந்தார். 1964-இல் வையட் என்ற ஆய்வாளர் டாண்டலம், நயோபியம் ஆகிய உலோகங்களை வைத்து இதே போன்ற சோதனையை மேற்கொண்டார். மின்னழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் எதிர்பாராத ஒரு மேடு தெரிந்தது. படலத்தின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் காந்த மாசு அணுக்களே காரணம் என்று 1966-இல் ஜோயல் அப்பெல்பாம் என்பவரும் பிலிப் ஆண்டர்சனும் விளக்கம் தந்தார்கள்.

ஆக, காந்த மாசு உலோகத்தினுள் ஓடும் எலெக்ட்ரானை மட்டுமல்ல, தடுப்பை ஊடுருவிப் போகும் எலெக்ட்ரானையும் விட்டுவைக்கவில்லை.

விடை தந்த புதிய வினா

கோண்டோவின் விளக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வெப்பநிலை பூஜ்யத்தை நோக்கிப் போகும்போது அவருடைய சமன்பாடு தடை எல்லையற்று வளரும் என்றது. இயற்கையில் அப்படி நடக்க முடியாது. எங்கோ கணக்கு பொய்க்கிறது. உலகின் தலைசிறந்த கோட்பாட்டாளர்கள் பலர் பத்து ஆண்டுகளுக்கு மேல் இதோடு மல்லுக்கட்டினார்கள்.

ஆண்டர்சன் காட்டிய வழியைத் தொடர்ந்து, கென்னத் வில்சன் 1975-இல் புதிய கணக்கு முறை ஒன்றைக் கணினியின் துணையோடு பயன்படுத்தி விடையைக் கண்டார். போதிய குளிரில், சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் ஒன்றுகூடி அந்தக் காந்த அணுவைச் சூழ்ந்துகொள்கின்றன. அணுவின் சுழற்சிக்கு எதிரான சுழற்சியை அவை தந்து, அதன் காந்தத்தை வெளியே தெரியாமல் மூடிவிடுகின்றன. அதனால் தடையின் ஏற்றமும் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. 1980-இல் நத்தான் ஆண்ட்ரேயும் பால் வீக்மனும் தனித்தனியே துல்லியமான தீர்வையும் தந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதுவரை சொன்ன எல்லாச் சோதனைகளும் கோடிக்கணக்கான அணுக்களைச் சேர்த்து அளந்தவை. எந்த அணு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டுவிட்டு, அதில் ஒருவர் என்ன பேசியிருப்பார் என்று ஊகிப்பது போன்ற நிலைதான் அது.

ஒற்றை அணுவின் முன்னால்

அந்த நிலையை மாற்றிய கருவி 1981-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. சூரிக் அருகே ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் உருவாக்கிய ஸ்கேனிங் டன்னலிங் மைக்ராஸ்கோப், சுருக்கமாக எஸ்.டி.எம். கூரிய ஊசி ஒன்றின் முனையை உலோகப் பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நிறுத்துவார்கள். ஊசி பரப்பைத் தொடுவதில்லை. இடைவெளியை ஊடுருவி எலெக்ட்ரான்கள் போகும். இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினாலே அந்த மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். எனவே பரப்பின் மேடு பள்ளங்களை அணு அணுவாக வருடிப் பார்க்கலாம். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அணுவைப் பார்க்க மட்டுமல்ல, ஓர் அணுவின் வழியே எலெக்ட்ரான்கள் எப்படிப் போகின்றன என்று அளக்கவும் இது உதவியது. 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதைச் செய்தன. சுவிட்சர்லாந்தின் லோசான் குழு வெள்ளிப் பரப்பின்மேல் சீரியம் அணுக்களை ஆராய்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் குரோமியின் குழு தங்கப் பரப்பின்மேல் கோபால்ட் அணுக்களை ஆராய்ந்தது. இரண்டாவது கட்டுரையின் முதல் ஆசிரியர் வித்யா மாதவன். சென்னை ஐஐடியில் உலோகவியல் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று அப்போது முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தவர்.

ஊசியைக் கோபால்ட் அணுவின் நேர் மேலே நிறுத்தி, மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல மாற்றினார்கள். பூஜ்யத்துக்கு அருகே சில மில்லிவோல்ட் அகலத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. ஊசியை ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தள்ளி வைத்தால் பள்ளம் மறைந்தது. சமிக்ஞை அந்த ஒற்றை அணுவிலிருந்தே வருகிறது என்பது தெளிவாயிற்று.

கோண்டோ விளைவுக்கு ஒரு மேடு அல்லவா வர வேண்டும், பள்ளம் ஏன்? ஊசியிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரானுக்கு இரண்டு வழிகள் உண்டு. கோபால்ட் அணுவின் வழியாகப் போகலாம்; அதைத் தொடாமல் நேராகத் தங்கத்துக்குள்ளும் போகலாம். குளத்தில் இரண்டு கல்லெறிந்தால் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதுபோல, இந்த இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று கலந்து பள்ளத்தை உண்டாக்குகின்றன. இத்தகைய வடிவத்துக்கான கணக்கை ஊகோ ஃபானோ 1961-இலேயே வேறொரு சூழலில் எழுதி வைத்திருந்தார்.

2000-ஆம் ஆண்டில் ஐபிஎம்மின் அல்மேடன் ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு வியப்பு வந்தது. ஹரி மனோகரன், கிறிஸ்டோபர் லட்ஸ், டான் ஐக்லர் ஆகியோர் சில டஜன் கோபால்ட் அணுக்களைச் செம்புப் பரப்பில் நீள்வட்டமாக, வேலி போட்டதுபோல் அடுக்கினார்கள். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒரு குவியத்தில் ஒரு கோபால்ட் அணுவை வைத்தார்கள். அணுவே இல்லாத மறு குவியத்திலும் அதே பள்ளம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலுவோடு, தெரிந்தது. இதற்குக் 'குவாண்டம் கானல்' என்று பெயரிட்டார்கள்.

மீண்டும் எழுந்த கேள்வி

கதை இங்கே சுபமாக முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாடநூல்களும் அப்படியே எழுதின. ஆனால் 2020-இல் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கோட்பாட்டாளர்கள், கோபால்ட் அணுவின்மேல் தெரியும் அந்தப் பள்ளத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்றார்கள். அணுவின் காந்தம் மறைக்கப்படவில்லை; அதன் சுழற்சி எலெக்ட்ரான்களால் தூண்டப்பட்டு அவற்றோடு பிணைந்துகொள்கிறது என்பது அவர்களின் வாதம். அந்தப் பிணைப்புக்கு 'ஸ்பினரான்' என்று பெயர்.

2023-இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சோதனையாளர்கள் யூலிக் குழுவோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். செம்புப் பரப்பின்மேல் கோபால்ட் அணுவை வைத்து, வலிய காந்தப்புலத்தில் ஆராய்ந்தார்கள். கோண்டோ விளக்கம் எதிர்பார்க்கும்படி அந்தப் பள்ளம் நடந்துகொள்ளவில்லை, ஸ்பினரான் கருத்தோடுதான் பொருந்துகிறது என்று அறிவித்தார்கள்.

இதனால் கோண்டோ சொன்னது பொய்யாகிவிடவில்லை. தங்கத்தில் கலந்த இரும்புக்கு அவர் தந்த விளக்கம் அசையாமல் நிற்கிறது. 1998-இலேயே குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நுண்ணிய மின்சுற்றுகளிலும் கோண்டோ விளைவு காணப்பட்டது. காந்தத்தை மூடும் எலெக்ட்ரான் மேகம் மைக்ரோமீட்டர் அளவுக்குப் பரந்திருப்பதை 2020-இல் அத்தகைய சுற்றிலேயே அளந்தும் காட்டினார்கள். கேள்விக்கு உள்ளானது வேறு: உலோகப் பரப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு கோபால்ட் அணுவின்மேல் கண்ட பள்ளம், உண்மையிலேயே அந்த விளைவின் அடையாளந்தானா? ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பள்ளங்களுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பாடம்.

யாருக்கு என்ன கிடைத்தது

ஜுன் கோண்டோவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2020-இல் ஜப்பான் அவருக்குக் கலாசார விருதை வழங்கிச் சிறப்பித்தது. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம், 92-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பெயர் மட்டும் உலகெங்கும் இயற்பியல் வகுப்பறைகளில் ஒலிக்கிறது.

மிரியம் சராச்சிக்கின் பெயரை விளைவோடு சேர்த்துச் சொல்வார் இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தின் தற்காலிகப் பணி முடிந்ததும் நியூயார்க் சிட்டி கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். 1970-இல் குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரம் ஒன்று அவரைப் பல ஆண்டுகள் ஆய்விலிருந்து விலக்கி வைத்தது. பிறகு திரும்பி வந்தார். 2003-இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தலைவரானார். அதே கழகம் 2020-இல் தன் உயரிய ஆய்வுப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

லைடன் மூவரின் பெயர் இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. அவர்கள் ஒரு விளக்கமும் தரவில்லை. ஒரு கம்பியின் எண்களைத்தான் தந்தார்கள். ஆனால் அந்த எண்கள் பொருந்தவில்லை என்பதற்காக அவற்றைத் தூக்கி எறிந்திருந்தால், கோண்டோவுக்குக் கேள்வியே கிடைத்திருக்காது. 2023-இன் ஜெர்மானியக் குழுவும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கத்தோடு ஓர் அளவீடு பொருந்தாதபோது, அளவீட்டை மறைக்காமல் சபையின் முன்னால் வைத்தார்கள்.

பத்தரை மாற்றுத் தங்கத்தை எல்லாரும் போற்றுவர். அதில் விழுந்த துளி இரும்பைப் போற்றியவர்கள் சிலரே. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்ற அறிவில் பெரும் பகுதி, அந்தத் துளியை வீசி எறியாதவர்களால் வந்தது.